பதினான்கு மாத்திரைகள்: டாக்டர் சலீம் யூசுப்பின் ஆராய்ச்சி வாழ்வு

திருவண்ணாமலை நகரிலிருந்து செங்கம் செல்லும் சாலையில், பெரிய கோயிலிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது இரமணாசிரமப் பகுதி. மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் பாதை இவ்வழியேதான் செல்கிறது. பௌர்ணமி இரவுகளில் இலட்சக்கணக்கானோர் வெறுங்காலுடன் நடந்து போவர். அவர்களில் முதியோர் உண்டு. இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் உள்ளோர் உண்டு. தமக்கு அவை இருப்பதையே அறியாதோரும் உண்டு. அந்தக் கூட்டத்தை நம்பிச் சாலையோரத்தில் தேநீர் விற்பவரும், வாடகை வண்டி ஓட்டுபவரும், விடியும்வரை கடையைத் திறந்து வைத்திருப்பவரும் அவ்விரவில் உறங்குவதில்லை. நெஞ்சு நோவு இன்னார் இனியார் என்று பார்த்து வருவதில்லை. நள்ளிரவில் ஒருவர் மார்பைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டால், அடைபட்ட இதயக் குழாயை உள்ளே புகுந்து திறக்கவல்ல பெரிய மருத்துவமனையை நோக்கி அவரை அனுப்புமுன், அருகில் உள்ளோர் செய்யக்கூடியது யாது?

இவ்வினாவுக்குத் தமிழ்நாட்டு அரசு 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு விடை அளித்தது. 'இதயம் காப்போம்' என்னும் அத்திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணைச் சுகாதார நிலையங்களிலும் 14 மாத்திரைகள் ஆயத்தமாக வைக்கப்பட்டன. ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8. மாரடைப்பு என்று ஐயுறப்படுபவருக்கு இவற்றை அங்கேயே கொடுத்து, பிறகு மேல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

சிறு பொட்டலம்தான். விலையும் அதிகமன்று. ஆயினும் மாரடைப்பு கண்டவருக்கு முதலில் இவற்றைத்தான் கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? எதை வைத்துச் சொன்னார்கள்? இதைத் தேடிப் போனால், கேரளத்தின் கொட்டாரக்கரையில் 1952இல் பிறந்த ஒருவரின் வாழ்க்கையில் நாம் போய் நிற்போம். அவர்தாம் டாக்டர் சலீம் யூசுப்.

அவரது பணியின் சிறப்பை உணர, மருந்தைச் சோதிப்பது என்றால் என்ன என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். ஒரு நோயாளிக்கு மருந்து கொடுத்தோம், அவர் பிழைத்தார் என்பதால் மருந்துதான் அவரைப் பிழைக்க வைத்தது என்று கொள்ள முடியாது. கொடுக்காமலே பிழைத்திருக்கவும் கூடும். இந்த ஐயம் புதியதன்று. கி.பி. 925இல் மறைந்த பேரறிஞர் அர்-ராஸீ, மூளைச் சவ்வு அழற்சியின் அறிகுறி கண்டவர்களில் ஒரு சாராருக்கு இரத்தம் வெளியேற்றும் சிகிச்சை செய்து, மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே அதனைச் செய்யாது விட்டு, இரண்டையும் ஒப்பிட்டதாகத் தம் குறிப்பில் எழுதி வைத்துள்ளார். அவருக்குப் பின்வந்த இப்னு ஸீனா, தம் 'கானூன்' நூலின் இரண்டாம் பாகத்தில் மருந்துகளைச் சோதிப்பதற்கான விதிகளை வகுத்துரைத்தார். சோதனை மனித உடலிலேயே நடைபெற வேண்டும். சிங்கத்திலோ குதிரையிலோ கண்ட பயன் மனிதனுக்குப் பொருந்தாமற் போகலாம் என்பது அவற்றுள் ஒன்று. இவ்விரு பெரியோர் பெயரையும் நாம் மேடைகளில் பெருமையோடு கூறுவதுண்டு. ஆனால் அவர்கள் வைத்த நிபந்தனை எத்துணைக் கடினமானது என்பதை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

சலீம் யூசுப் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1976இல் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டு சென்றார். அங்கே இதய மருத்துவர் பீட்டர் ஸ்லெய்ட்டின் கீழ் ஆராய்ச்சி மாணவரானார். அக்காலத்தில் மாரடைப்பு வந்தவருக்குப் பெரும்பாலும் செய்யப்பட்டது, படுக்கையில் கிடத்தி நோவைத் தணிப்பதும், இதயத் துடிப்புத் தாறுமாறானால் அதைச் சீர்செய்வதுமே. அடைப்பை உண்டாக்கிய இரத்தக் கட்டியையோ, குருதியின்றித் துடிக்கும் இதயத் தசையையோ நேரே காக்கும் மருந்து எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. சோதனைகள் நடக்காமல் இல்லை. நடந்தவை சிறியவை, நூறு பேர், இருநூறு பேர். ஒன்று பயன் உண்டென்னும், மற்றொன்று இல்லையென்னும்.

ஆக்ஸ்போர்டில் புள்ளியியல் அறிஞர் ரிச்சர்டு பீட்டோவும், இளைஞர் ரோரி காலின்ஸும் யூசுப்புக்குத் துணை வாய்த்தனர். மூவரும் கண்டது மிக எளிய உண்மை. ஒரு மருந்து ஆயிரம் பேரில் இருபது முப்பது பேரைக் கூடுதலாகப் பிழைக்க வைக்குமானால், நூறு பேரை வைத்துச் செய்யும் சோதனையில் அது இரண்டு மூன்று உயிராகத்தான் தோன்றும். அது மருந்தின் பயனா தற்செயலா என்று எவராலும் பிரித்தறிய முடியாது. அதற்குப் பல்லாயிரம் நோயாளிகள் வேண்டும். பல்லாயிரம் பேர் வேண்டுமானால் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் ஒத்துழைக்க வேண்டும். அவை ஒத்துழைக்க வேண்டுமானால், வேலைப் பளுவில் மூழ்கியிருக்கும் மருத்துவர் நிரப்ப வேண்டிய படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது! பெரிய, ஆனால் எளிய சோதனைகள் என்னும் இக்கொள்கையை 1984இல் மூவரும் கட்டுரையாகவே எழுதி வெளியிட்டனர்.

கொள்கை அதற்கு முன்பே செயலாகிவிட்டது. 'ஐசிஸ்' என்ற பெயரில் அவர்கள் தொடங்கிய முதற் சோதனையில் 16,027 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். அட்டினலால் என்னும் மருந்தை மாரடைப்பு வந்த சில மணி நேரத்துக்குள் கொடுப்பதால் ஏற்படும் பயன் 1986இல் வெளியாயிற்று. அடுத்து வந்த 'ஐசிஸ்-2' இன்னும் பெரியது. 417 மருத்துவமனைகள், 17,187 நோயாளிகள். எவருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவரின் விருப்பமோ நோயாளியின் நிலையோ முடிவு செய்யவில்லை; சீட்டுக் குலுக்கிப் போடுவதற்கு ஒப்பான முறையே முடிவு செய்தது. கொடுப்பவருக்கும் தெரியாது, உண்பவருக்கும் தெரியாது.

முடிவு 1988இல் வெளிவந்தது. வெறும் மாத்திரை பெற்றவர்களில் ஐந்து வாரத்துக்குள் இதய, இரத்தக் குழாய்க் காரணங்களால் இறந்தோர் நூற்றுக்கு 11.8 பேர், ஆஸ்பிரின் பெற்றவர்களில் 9.4 பேர். ஆயிரம் பேருக்கு 24 உயிர். கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தையும் ஆஸ்பிரினையும் சேர்த்துப் பெற்றவர்களில் இறப்பு நூற்றுக்கு 8 ஆகவும், இரண்டும் பெறாதவர்களில் 13.2 ஆகவும் இருந்தன. தலைவலிக்குப் பெட்டிக்கடையில் வாங்கும் ஆஸ்பிரின், அந்நாளிலிருந்து உலகெங்கும் மாரடைப்பின் முதல் மருந்தாயிற்று. நமது பொட்டலத்தின் முதலிரண்டு மாத்திரைகளின் பிறப்பு இதுவே.

இச்சோதனையைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. நோயாளிகளை வயது, பால், வேறு நோய் என்று பலவாறாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் பயன் எவ்வளவு என்று தனித்தனியே காட்டுமாறு பத்திரிகையார் கேட்டனர். அப்படித் துண்டு துண்டாக வெட்டினால் தற்செயல் புகுந்து ஏமாற்றும் என்பதை ஆராய்ச்சியாளர் அறிவர். ஆதலின் அவர்கள் நோயாளிகளைப் பிறந்த இராசிப்படியும் பிரித்து அச்சிட்டுவிட்டனர்! மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு ஆஸ்பிரின் பயன் தரவில்லை. மற்றப் பத்து இராசிக்காரர்களுக்கும் நற்பயன் என்று கணக்கு வந்தது. மருத்துவ உலகம் சிரித்தது. சிரித்துப் பாடமும் கற்றது. சாதகப் பொருத்தம் பார்க்கும் நம் நாட்டில் இந்த அட்டவணை யார் கையிலும் அகப்படாமல் இருந்தது நல்லதாயிற்று.

1984இல் யூசுப் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்துக்குச் சென்றார். இதயம் தளர்ந்தவர்களுக்கான பெரிய சோதனைகள் அங்கே அவர் வழிகாட்டலில் நடந்தன. அவற்றுள் டிஜாக்சின் பற்றியது குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங் 1785இல் நூலெழுதிப் பரப்பிய ஒரு செடியின் வழிவந்த மருந்து அது. இருநூறு ஆண்டுகளாக மருத்துவர்கள் கொடுத்து வந்த அதனை 6,800 பேரிடம் சோதித்தபோது, மருத்துவமனையில் சேர வேண்டிய தேவையை அது குறைக்கிறது, ஆனால் ஆயுளைக் கூட்டவில்லை என்பது 1997இல் தெரியவந்தது. ஒரு மருந்தின் பழமை அதன் பயனுக்குச் சான்றாகாது.

1992இல் அவர் கனடாவின் ஹாமில்டன் நகரிலுள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1999இல் மக்கள் நல ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை அங்கே தோற்றுவித்துப் பல்லாண்டுகள் அதனை நடத்தினார். அங்கிருந்து அவர் நடத்திய 'க்யூர்' சோதனையில் 28 நாடுகளைச் சேர்ந்த 12,562 பேர் பங்குபெற்றனர். ஆஸ்பிரின், இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை ஒரு வழியில் தடுக்கிறது. குளோபிடோக்ரெல் வேறொரு வழியில் தடுக்கிறது. இரு கதவுகளையும் ஒருங்கே அடைத்தால் என்ன ஆகும்? இறப்பு, மறு மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை நூற்றுக்கு 11.4இலிருந்து 9.3 ஆகக் குறைந்தன என்று 2001இல் அறிவித்தார்கள். முழு மாரடைப்புக்குச் சற்றுக் குறைந்த நிலையில் இருந்தோரிடம் கண்ட இம்முடிவைப் பின்னர் வேறு பெருஞ்சோதனைகள் முழு மாரடைப்புக்கும் உறுதி செய்தன. பொட்டலத்தின் நான்கு மாத்திரைகளுக்கு வழி திறந்தது இவ்வாறு. கூடவே, கடும் இரத்தக் கசிவு நூற்றுக்கு 2.7இலிருந்து 3.7 ஆக உயர்ந்ததையும் அவர்கள் மறைக்கவில்லை. வாசகர்கள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். நெஞ்சு கரித்தபோதெல்லாம் தாமே வாங்கி விழுங்கும் மாத்திரைகள் அல்ல இவை. குடற்புண் உள்ளவருக்கும், மூளையில் இரத்தம் கசிந்தவருக்கும் இவையே ஆபத்தாகக்கூடும்.

எஞ்சிய எட்டு மாத்திரைகள் யூசுப்பின் கணக்கில் சேரமாட்டா. கொழுப்பைக் குறைக்கும் அவ்வகை மருந்தின் மூலத்தைப் பூஞ்சணத்திலிருந்து முதலில் பிரித்தெடுத்தவர் சப்பானியரான அக்கிரா எண்டோ. இதய நோயாளிகளின் உயிரை அவ்வகை மருந்து காக்கும் என்பதை 1994இல் மெய்ப்பித்தது, 4,444 பேரிடம் ஸ்காண்டிநேவிய நாட்டு மருத்துவர்கள் நடத்திய சோதனை. ஒருவரைப் புகழ வந்த இடத்தில் மற்றவருக்குரியதையும் அவர் தலையில் சூட்டுவது நம் வாழ்த்துரைகளில் மிகுதி. வரலாற்றுக்கு அது தகாது.

இதுவரை சொன்னவை நோய் வந்தபின் செய்வன. யூசுப் அடுத்துத் திரும்பியது, நோய் ஏன் வருகிறது என்னும் கேள்விக்கு. 52 நாடுகளில், மாரடைப்பு வந்த 15,152 பேரையும் வராத 14,820 பேரையும் ஒப்பிட்ட 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004இல் வெளியாயிற்று. புகை, இரத்தக் கொழுப்பு, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனி குறைவு, உடலுழைப்பின்மை, மது தொடர்பான பழக்கம் என்னும் ஒன்பதும் சேர்ந்து மாரடைப்பு அபாயத்தில் ஆண்களிடம் நூற்றுக்கு 90 பங்கையும் பெண்களிடம் 94 பங்கையும் விளக்கிவிடுகின்றன என்றது அது. எந்நாட்டாருக்கும் ஏறத்தாழ இதே காரணங்கள்தாம். ஆனால் அந்த ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2007இல் வந்த மற்றொரு கட்டுரை நம்மைத் திடுக்கிட வைப்பது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, பிறருக்கு 58.8. ஐந்தாறு ஆண்டுகள் முந்துகிறது. மகளின் மணமும் மகனின் படிப்பும் முடியாத வயது அது. கலியாண விருந்துகளில் நெய்ச்சோற்றின் மேல் கறியை மூடி வைப்பதையே உபசாரமெனக் கொண்டுள்ள நாம், அந்த ஐந்தாறு ஆண்டுகளை எங்கே தொலைக்கிறோம் என்று ஒருமுறை கணக்குப் பார்க்கலாம்.

அவரது ஆய்வுகளுள் மிகப் பெரியதாகக் கருதத்தக்கது 'ப்யூர்'. நகரத்தாரையும் கிராமத்தாரையும் பல நாடுகளில் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு இது. நம் நாட்டில் பெங்களூர் முதலிய இடங்களோடு சென்னையிலும் டாக்டர் வி. மோகன் குழுவினர் இதில் பங்கேற்றனர். 2011இல் வெளிவந்த ஒரு கணக்கு, 17 நாடுகளில் 153,996 பேரிடம் எடுத்தது. முன்பே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், மீண்டும் வராமல் தடுக்கும் மருந்துகளை உண்கிறார்களா என்று அதில் பார்த்தார்கள். செல்வ நாடுகளில் அம்மருந்துகளில் ஒன்றைக்கூட உண்ணாதவர் நூற்றுக்கு 11.2 பேர். ஏழை நாடுகளில் 80.2 பேர்!

இந்த எண்ணைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஆஸ்பிரினின் பயன் 1988இல் மெய்ப்பிக்கப்பட்டது. இருபது ஆண்டுக்கு மேலாகியும், ஒருமுறை மாரடைப்பிலிருந்து தப்பி வந்த ஏழைகளில் ஐவரில் நால்வருக்கு எம்மருந்தும் சென்று சேரவில்லை. உலகிலேயே பெரிய சோதனைகளை நடத்தியவர், அவற்றின் பயன் தாம் பிறந்த மண்ணை எட்டவில்லை என்பதைத் தாமே எண்ணிக் காட்டினார். என் கருத்தில் அவருடைய வாழ்வின் திருப்பம் இதுதான். அதன்பின் மருந்து எது என்பதைவிட, அதை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதே அவரது ஆராய்ச்சியில் முன்னே வந்தது.

ஒரு வழி, பல மருந்துகளை ஒரே மாத்திரையாக்குவது. ஐந்து மருந்துகள் அடங்கிய ஒரு கூட்டு மாத்திரையை இந்தியாவின் 50 மையங்களில் 2,053 பேரிடம் சோதித்த முடிவு 2009இல் வந்தது. அவருடைய பழைய பெங்களூர்க் கல்லூரிதான் அதன் நடுநிலையம். பிறகு 5,713 பேரிடம் நடந்த மூன்றாம் சோதனையில், கூட்டு மாத்திரையுடன் ஆஸ்பிரினும் பெற்றவர்களில் இதய நோய் முதலியன நூற்றுக்கு 4.1 பேருக்கும், வெறும் மாத்திரை பெற்றவர்களில் 5.8 பேருக்கும் வந்தன. உலக சுகாதார நிறுவனம் 2023இல் இவ்வகைக் கூட்டு மாத்திரைகளை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

இன்னொரு வழி, மருத்துவரில்லாத இடத்திற்கு மருத்துவ அறிவை அனுப்புவது. 'ஹோப்-4' என்னும் சோதனையை இதய மருத்துவர் ஜான் டேவிட் ஷ்வாமும் யூசுப்பும், மலேசியாவின் காலித் யூசோப் முதலியோரும் சேர்ந்து, கொலம்பியாவிலும் மலேசியாவிலும் 30 ஊர்களில், இரத்தக் கொதிப்பு அடங்காத 1,371 பேரிடம் நடத்தினார்கள். மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளர் ஒருவர் கையடக்கக் கணினியோடு வீட்டுக்கு வருவார். (மாத்திரைக்கும் இக்கருவிக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் வழங்குவது பொருத்தமே.) இரத்தக் கொதிப்பின் அளவையும் நோயாளி கூறும் விவரங்களையும் உள்ளிட்டால், எந்த மருந்தை எவ்வளவில் தொடங்கலாம் என்று கருவி சொல்லும். ஊர் மருத்துவர் மேற்பார்வையில் மருந்து விலையின்றி வழங்கப்படும். வேளை தவறாமல் உண்ண நினைவூட்ட, குடும்பத்தாரோ நண்பரோ ஒருவர் பொறுப்பேற்பார். ஓராண்டு முடிவில் இம்முறைக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு 69 பேருக்குக் கொதிப்பு அடங்கியது. வழக்கமான சிகிச்சையில் 30 பேருக்குத்தான். இது 2019இல் வெளியானது.

அதே 2019இல் நம் நாட்டிலிருந்து வேறொரு முடிவும் வந்தது. டாக்டர் துரைராஜ் பிரபாகரன் குழுவினர் அரியானாவிலும் கருநாடகத்திலும் 40 சமூக சுகாதார மையங்களில், செவிலியர் கையில் இத்தகைய கருவியைக் கொடுத்துச் சோதித்தனர். கருவி உள்ள மையத்திலும் இல்லாத மையத்திலும் நோயாளிகள் தேறினர். இரண்டுக்கும் வேறுபாடு காணவில்லை. கருவி இல்லாத மையங்களிலும் பயிற்சி முதலியன மேம்படுத்தப்பட்டிருந்தன என்பது உண்மைதான். ஆயினும் இரு சோதனைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, மலேசியாவில் வென்றது கணினி மட்டுமன்று, கணினியோடு வந்த விலையில்லா மருந்தும் வீட்டிலிருந்த ஒரு மனிதரும்தாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயிரக்கணக்கில் கருவி வாங்க முனையும் அரசுகளும் அறக்கட்டளைகளும் இதனை எண்ணிப் பார்ப்பது நலம்.

கருவி வீண் என்பதன்று இதன் பொருள். இதயத்தின் மின்னலையை முதலிற் செம்மையாகப் பதிந்த டச்சு அறிஞர் ஐந்தோவன், சாவகத் தீவின் செமாராங்கில் பிறந்தவர். அவர் 1905ஆம் ஆண்டிலேயே, லைடன் மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளியின் இதய அலையைத் தொலைபேசிக் கம்பி வழியே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த தம் ஆய்வுக்கூடத்தில் பதிவு செய்தார். அக்கம்பி தமிழ்நாட்டில் நீண்டது நூறாண்டுக்குப் பிறகு. கோவை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னை டாக்டர் அஜித் முல்லசாரியும் முன்னின்று, 2012 முதல் 2014 வரை, நான்கு பெரிய மருத்துவமனைகளோடு 35 சிறிய மருத்துவமனைகளை இணைத்தனர். சிற்றூரில் எடுக்கும் இதய மின்னலைப் படம் கம்பியில்லா வழியில் பெரிய மருத்துவமனைக்குப் போகும். மருந்தை அங்கேயே கொடுப்பதா, உடனே கொண்டுவருவதா என்று அங்குள்ளோர் முடிவு சொல்வர். மைய மருத்துவமனைகளில் ஒன்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி; திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 2,420 நோயாளிகளை ஆராய்ந்ததில், ஓராண்டுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 17.6இலிருந்து 14.2 ஆகக் குறைந்தனர் என 2017இல் எழுதினார்கள். 108 ஊர்தியும் அரசின் காப்பீட்டுத் திட்டமும் இல்லாவிடில் இந்தக் கம்பியில்லாக் கருவியால் மட்டும் இது நடந்திராது.

யூசுப்பை மறுப்போரும் உளர். உப்பைப் பற்றிய அவரது கருத்து அவற்றுள் பெரும் பூசலை விளைத்தது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'ப்யூர்' ஆய்வைக் கொண்டு அவரும் கூட்டாளிகளும், மிகையைப் போலவே மிகக் குறைவும் தீங்கோடு தொடர்புடையதாகத் தெரிகிறது என்று 2014இல் எழுதினர். ஒரு வேளைச் சிறுநீரை வைத்து உப்பின் அளவைக் கணிப்பது பிழைபடும் என்று எதிர்த்தரப்பார் சொல்கின்றனர். வழக்கு இன்னும் தீரவில்லை. கருவாடும் ஊறுகாயுமாக உண்ணும் நம் வீடுகளில் குறைவு என்னும் அபாயம் பெரும்பாலும் இல்லை. ஆகவே இவ்வழக்கின் தீர்ப்புக்குக் காத்திராமலே நாம் கையைச் சுருக்கலாம்.

2014இல் கனடாவின் கெய்ர்ட்னர் வைட்மன் விருது அவருக்குக் கிடைத்தது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் உலக இதயக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தார்.

மாரடைப்பு வந்த நேரத்துக்குப் பதினான்கு மாத்திரைகள் ஊர்தோறும் வந்துவிட்டன. அந்த நேரம் வராமலிருக்க நாள்தோறும் உண்ண வேண்டிய ஒன்றிரண்டு மாத்திரைகளின் கதை வேறு. இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்குமான மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிற்று. பையில் மாத்திரையும் கையில் இரத்த அழுத்தமானியுமாக ஒரு பெண்மணி தெருவழியே வந்து, பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, சென்ற மாதத்து அட்டையில் எத்தனை மாத்திரை உண்ணாமல் மிச்சமிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறார்.